வாசக்காலுக்குக் கீழே பார்படோஸ் காசு

அவிநாசிப் பக்கம் சொந்தமாக வீடு கட்டினேன் என்று சொன்னால், கணவர் என்ன செய்கிறார் என்பதுதான் எல்லோருக்கும் முதல் கேள்வி. விவாகரத்து ஆகிவிட்டது என்பேன். உடனே துக்க வீட்டுக்கு வந்தவர்கள் போலக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாரும் செத்துப்போகவில்லையே!

போன வருடம் வாசக்கால் வைத்த அன்றும் இதே பேச்சுதான். எங்கள் பக்கம் தலைவாசல் சட்டத்தை நிறுத்துவதற்கு முன்னால், அடியில் நவதானியமும் காசும் போடுவது வழக்கம். நான் எடுத்து வைத்திருந்தது பார்படோஸ் நாட்டின் ஒரு சென்ட் காசு. கோவையில் நான் வேலை பார்க்கும் பம்ப் கம்பெனிக்கு அந்தக் கரீபியன் தீவிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி, ஊருக்குக் கிளம்பும்போது எனக்குக் கொடுத்தது.

காசில் மூன்று முனை ஈட்டி ஒன்று இருந்தது. அம்மா பார்த்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நம்ம மாரியாத்தா சூலம் கண்ணு!"

தடுப்பதற்குள் குங்குமமும் வைத்துவிட்டார். பெரியப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மணி, இது காம்பு ஒடஞ்ச சூலம். ஒடஞ்சத ஊட்டு வாசல்ல வெக்கப்படாது, எடுத்துப் போடு. பூசைக்கு உன்ர தம்பியும் அவன் சம்சாரமும் நிக்கட்டும். நீ தனியா நின்னா நல்லா இருக்காது."

காசைச் சாக்கிட்டு என்னையும் ஒதுக்கிவிட்டார். என் சம்பளத்தில் எழும்புகிற வீடு, அதில் நான் ஓரமாக நிற்க வேண்டுமாம்.

காசின் கதையை அந்தப் பெண்மணி எனக்குச் சொல்லியிருந்தார். வெள்ளைக்காரன் ஆண்டபோது அந்தத் தீவின் முத்திரையில் முழு ஈட்டி இருந்ததாம். விடுதலை வந்ததும், அந்தப் பிடி விட்டுப்போனது என்று காட்டக் காம்பை ஒடித்துத் தங்கள் கொடியில் வைத்தார்கள். சில வருடம் கழித்துச் சொந்தக் காசு அடித்தபோது அதிலும் வைத்தார்கள். இங்கிலாந்து ராணி அப்போதும் பெயருக்கு அவர்களுடைய ராணிதான். ஆனாலும் அந்தக் காசுகளில் ராணியின் தலையைப் போடவில்லை. அந்த இடத்தில் தங்கள் நாட்டுச் சின்னத்தைப் போட்டுக்கொண்டார்கள். கேட்டபோதே எனக்குப் பிடித்துப்போனது.

கொத்தனார், சித்தாள்கள் எல்லோர் முன்னாலும் இதைச் சொல்லிவிட்டுச் சொன்னேன்: "அது தவறி ஒடஞ்சதில்லீங்க பெரியப்பா. வேணுமின்னேதானுங்க ஒடச்சாங்க. நானும் அந்தக் கல்யாணத்த உட்டு வேணுமின்னேதானுங்க வந்தேன். என்ர வாசக்காலுக்கு நாந்தானுங்க நிப்பேன்."

"ஊரு என்ன பேசும்னு தெரியுமா?"

"பேசிட்டுப் போகட்டுமுங்க."

அம்மா அழுதுவிடுவாரோ என்று பயந்தேன். அவர் பால் சொம்பை எடுத்து என் கையில் கொடுத்தார். கொத்தனாரும், "நேரமாச்சுங்க, வந்து புடியுங்க" என்று என்னைத்தான் கூப்பிட்டார். காசைப் போட்டேன், பாலை ஊற்றினேன், சட்டத்தைப் பிடித்து நிறுத்தினேன்.

பெரியப்பா சாப்பிடாமலே கிளம்பிப் போனார். நான் கேசரியை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.