சி பிளாக்கில் ஒரு நீலக் கோடு

எங்கள் ஒரகடம் குடியிருப்பில் போன வாரம் குழந்தைகளுக்கு ஒரு போட்டி. நம்ம ஏரியாவுக்கு மேப் வரைய வேண்டும். ஜெயிக்கிற படத்தை கிளப் ஹவுஸ் சுவரில் மாட்டுவார்களாம். நல்ல விஷயம்தானே? போனில் ஒரு பெண்குரல் வழி சொல்லாவிட்டால் பால் வாங்கக்கூடப் போகத் தெரியாத நாம், குழந்தைகளுக்கு மேப் கற்றுத்தரக் கிளம்பிவிட்டோம்!

மாதிரிக்கு என்ன கொடுத்தார்கள் தெரியுமா? எங்களுக்கு வீடு விற்ற பில்டரின் நோட்டீஸில் இருந்த மேப். அதில் ஏர்போர்ட் ஐந்து நிமிடம், வல்லக்கோட்டை முருகன் ஐந்து நிமிடம்... பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து அதையே காப்பி அடித்தார்கள்.

என் மகள் இனியா, இரண்டாம் வகுப்பு. "அப்பா, அஞ்சு நிமிஷம்னா நடந்தாவா, ஏரோப்ளேன்லயா?" என்றாள்.

நியாயமான கேள்வி. பேப்பர், கலர் பென்சிலோடு இருவரும் இறங்கி நடந்தோம். "கண்ணால பார்த்ததை மட்டும் போடு" என்றேன். நான் நடத்திய பாடம் அவ்வளவுதான். கம்பெனி பஸ் நிற்கும் இடம், நைட் ஷிஃப்ட் முடிந்த பையன்கள் இட்லி சாப்பிடும் கடை, பெண்கள் ஹாஸ்டல், அதற்குப் பின்னால் ஏரி. ஏரி நிரம்பினால் தண்ணீர் வெளியேற ஒரு கால்வாய். காய்ந்து கிடந்த அது எங்கள் காம்பவுண்டு சுவரில் வந்து முட்டி நின்றது. சுவரைச் சுற்றி அந்தப் பக்கம் போனால்... அங்கே மறுபடி கால்வாய்!

"இந்தப் பக்கமும் இருக்கு, அந்தப் பக்கமும் இருக்கு. அப்ப நடுவுலயும் இருக்கணும்ல?" என்றவள், சி பிளாக் கார் பார்க்கிங் குறுக்கே நீலத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டாள்.

வந்தது வினை. எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செகரட்டரிக்கு சி பிளாக்கில்தான் வீடு. தரைத்தளம். போட்டிக்கு நடுவரும் அவரே.

"இன்னா சார் இது! நாளைக்கு என் வூட்ட வெலைக்கு பாக்க பார்ட்டி வராங்க. இத்த சுவத்துல பாத்தா எவன் சார் அட்வான்ஸ் குடுப்பான்? பாப்பா, அந்த நீலத்த மட்டும் அழிச்சிடும்மா. ஃபர்ஸ்ட் ப்ரைஸ் உனக்குத்தான்!"

இனியா ரப்பரை எடுத்தாள். கொஞ்சம் யோசித்தாள். "அழிச்சிட்டா தண்ணி வராதா அங்கிள்?"

அவள் அழிக்கவில்லை. முதல் பரிசு, ஏர்போர்ட்டை எங்கள் வாசலிலேயே வரைந்த குழந்தைக்குப் போனது. இனியா வீட்டுக்கு வந்து அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு நாம் நடத்திய மேப் பாடம் இதுதானே - இருப்பதை வரையாதே, விற்பதை வரை!

நேற்று கனமழை எச்சரிக்கை. சத்தமே இல்லாமல் செகரட்டரி, சி பிளாக் பார்க்கிங்கில் நின்ற தன் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் நிறுத்திவிட்டு, ஆட்டோவில் திரும்பி வந்தார்.

மேப் படிக்க நன்றாகவே தெரிந்திருக்கிறது மனுஷருக்கு!