ஒரு கல் மிச்சம்

போன வாரம் என் மருமகள் கொல்லிமலைக்குப் போய்விட்டு வந்தாள். சோளக்காட்டுச் சந்தையில் வாங்கிய மலைவாழைச் சீப்பு ஒன்றைக் காரின் பின்பக்கத்திலேயே மறந்து விட்டுவிட்டாள். வெயிலில் நின்ற காரை அடுத்துத் திறந்தவன் நான். குப்பென்று வந்த அந்த வாசனையில் நெற்றிப்பொட்டு இரண்டும் தெறிக்க ஆரம்பித்துவிட்டன. "பழ வாசனைக்குப் போய் யாருக்காவது தலை வலிக்குமா மாமா?" என்று அவள் சிரித்தாள். வலிக்கும். வெடிக்காரனாக வேலை பார்த்தவனைக் கேட்டால் சொல்வான்.

பாறைக்கு வைக்கிற ஜெலட்டின் தோட்டாவின் வாசனையும் ஏறக்குறைய அப்படித்தான். கன்றிப்போன வாழைப்பழத்தோடு கொஞ்சம் வார்னிஷைக் கலந்த மாதிரி இருக்கும். கையில் பட்டால் போதும், தலையை யாரோ கயிறு போட்டு இறுக்குவது போலத் தோன்றும். தினமும் தொட்டுக்கொண்டிருந்தால் உடம்பு பழகிவிடும். ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டுவிட்டுத் திங்கட்கிழமை பெட்டியைத் திறந்தால் மறுபடியும் முதலிலிருந்து வலி. அதனால் லீவு என்றாலே எனக்கு ஒரு கலக்கம். உலகத்தில் லீவுக்குப் பயந்த கூலிக்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். உடம்புக்குப் பழக்கம் விட்டுப் போகக்கூடாது என்று தோட்டா சுற்றின காகிதத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே வீட்டுக்குப் போகிறவர்களும் இருந்தார்கள். எனக்கு அவ்வளவு துணிச்சல் கிடையாது.

துணிச்சல்காரன் என்று ஊர் நினைத்தது வேறு விஷயம். ராசிபுரம் பக்கம் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். பெண்ணின் அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கையக் கொஞ்சம் நீட்டுங்க தம்பி" என்றார். கைரேகை பார்க்கத் தெரிந்தவர் போலிருக்கிறது என்று நானும் பெருமையாக நீட்டினேன். இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலை எண்ணியிருக்கிறார். "இன்னைக்கு எல்லாம் இருக்குதுங்க" என்று என் அப்பாவிடம் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அந்த "இன்னைக்கு" என்ற வார்த்தையைச் சொல்லிச் சொல்லி எங்கள் வீட்டில் வெகுநாள் சிரித்தோம்.

எண்ணுவது என்றால் எனக்கு அவர் நினைவு வருவதில்லை, பாவாயியின் நினைவுதான் வரும்.

அப்போது கொல்லிமலையில் திருப்புலி நாடு என்கிற பகுதியில் ஒரு சிற்றூருக்குப் புது ரோடு போட்டுக்கொண்டிருந்தோம். அதுவரை அந்த ஊருக்கு ஒற்றையடிப் பாதைதான். மிளகு மூட்டையும் பலாப்பழமும் தலைச்சுமையாகவே சோளக்காட்டுக்கு வரும். பாதையை மறித்துக்கொண்டு பெரிய பாறைகள் நின்றன. காலையில் கம்ப்ரசர் வைத்துக் குழி போடுவார்கள். மத்தியானத்துக்கு மேல் நான் தோட்டா இறக்கி, மண் போட்டு அடைத்து, திரியை நீட்டி வைப்பேன். எல்லாரும் கீழே வளைவுக்கு அந்தப்பக்கம் போன பிறகு விசில் ஊதிப் பற்றவைத்துவிட்டு நானும் ஓடி வருவேன்.

அந்த வளைவில் சிவப்புக்கொடியோடு நிற்பவள் பாவாயி. அடிவாரத்துப் பெண். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். கல் சுமக்கத்தான் வேலைக்கு வந்தாள். கொடியைத் தானாகவே வாங்கிக்கொண்டாள். காலையில் ஆட்கள் வர வர ஒவ்வொருவர் பேரையும் வாய்க்குள் சொல்லி ஒரு சின்னக் கல்லை மடியில் போட்டுக்கொள்வாள். வெடி வைக்கிற நேரத்தில், வளைவைத் தாண்டி ஒவ்வொருவராக வர வர ஒரு கல்லை எடுத்து வீசிவிடுவாள். மடி காலியானால்தான் என்னைப் பார்த்துக் கொடியை ஆட்டுவாள். எனக்கு ஒரு கல், அதை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் ஓடி வந்து சேர்ந்ததும் அதையும் வீசுவாள்.

முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. லைசென்ஸ் வைத்திருக்கிற வெடிக்காரன் நான், உத்தரவு கொடுப்பது கல் சுமக்கிற பெண்ணா என்று. மேஸ்திரி மாரப்பன்தான் ஒருநாள் டீ குடிக்கும்போது விவரம் சொன்னார். பாவாயியின் புருஷன் கிணற்று வேலைக்குப் போகிறவர். ஒரு தோட்டத்தில் கிணற்றை ஆழப்படுத்த வெடி வைத்திருக்கிறார்கள். மேலே ஏறி வந்தவர், சாப்பாட்டுத் தூக்குப்போசியைக் கீழேயே வைத்துவிட்டோம் என்று யாரிடமும் சொல்லாமல் திரும்ப இறங்கியிருக்கிறார். எல்லாரும் ஏறியாச்சு என்று மேலேயிருந்து யாரோ கத்தியிருக்கிறார்கள்.

"அதுக்கப்புறம் புள்ள இப்படித்தான்" என்றார் மாரப்பன். "எண்ணீட்டுப் போகட்டும், உடுங்க."

அதன் பிறகு நான் எரிச்சல்படவில்லை. உண்மையைச் சொன்னால், அவள் கொடி ஆட்டினால்தான் எனக்கே தீக்குச்சியை உரசக் கை வந்தது.

ஐப்பசி மாதம் ஒருநாள். பெரிய பாறை, குழியும் நிறைய. எல்லாம் அடைத்துத் தயாராக நின்றேன். ஆட்கள் இறங்கிவிட்டார்கள். வளைவில் மலைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் அன்னாசிக் கூடைகளோடு பஸ்ஸுக்குப் போக வழிவிடுவதற்காகக் காத்திருந்தார்கள். பாவாயி கொடியை ஆட்டவில்லை. நான் விசிலை ஊதிப் பார்த்தேன். ஆட்டவில்லை. இறங்கிப் போனேன்.

"ஒரு ஆள் குறையுதுங்கண்ணா" என்றாள். அவள் உள்ளங்கையில் இரண்டு கல் இருந்தன. ஒன்று எனக்கு. இன்னொன்று யாருக்கு என்று தெரியவில்லை.

மாரப்பன் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து எண்ணினார். சரியாக இருந்தது. நானும் எண்ணினேன். சரியாகத்தான் இருந்தது. "நல்லாப் பாரு புள்ள, யாரு இல்லேங்கிற?" என்று கேட்டார். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள். கடைசி ஆள் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள்.

"யாருன்னு தெரியலீங்க. ஆனா காலையில நான் போட்ட கல்லுங்க. சும்மா போடமாட்டனுங்க."

"மடியில ஒரு கல்லு சேந்து உழுந்திருக்கும். நீங்க போய்ப் பத்த வைங்க" என்றார் மாரப்பன் என்னிடம். பொக்லைன் அடுத்த நாள் காலையில் வந்துவிடும். உடைந்த கல் கீழே கிடந்தாக வேண்டும். அவர் கவலை அவருக்கு.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். கணக்கு சரியாக இருக்கிறது, கண்ணுக்கு எதிரே எல்லாரும் நிற்கிறார்கள். ஆனால் தீக்குச்சியை உரசுகிற கை என்னுடையது. நான் பாவாயியின் முகத்தைப் பார்த்தேன். அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. அந்த இரண்டு கல்லையும் பிடித்தபடி நின்றாள், அவ்வளவுதான்.

"தேடிப் பாத்துரலாம்" என்றேன்.

பாறைக்குப் பின்னால், மிளகுக் கொடிக்கு அடியில், மரவள்ளிக் காட்டுக்குள் எல்லாம் தேடினோம். மலைக்காரர்களில் வயதான ஒருவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு எங்களோடு வந்தார். "உங்களுக்குப் பஸ்ஸு போயிருமேங்க" என்றேன். "நாளைக்கும் பஸ்ஸு வருது சாமி" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் புதரை விலக்கிக்கொண்டு போனார். ஒருவரும் கிடைக்கவில்லை. அதற்குள் மஞ்சு இறங்கிவிட்டது. கொல்லிமலையில் ஐப்பசி மஞ்சு இறங்கினால் நீட்டின கை தெரியாது. அந்த வெளிச்சத்தில் வெடி வைக்கக்கூடாது. காத்திருந்தவர்களைப் பாறைப் பக்கம் விடாமல் கீழ்க்காட்டு வழியாகச் சுற்றி அனுப்பினோம். குழிகளுக்குக் காவலாக நானும் குழி போடுகிறவர் ஒருவரும் அங்கேயே தங்கிவிட்டோம். மாரப்பன் பாவாயியோடு பேசாமல் இறங்கிப் போனார். நாளைக்கு அவளை வேலைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று எல்லாருக்கும் தெரிந்தது.

விடிந்ததும் முதல் ஆளாகப் பாவாயிதான் வந்தாள். நான் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் தள்ளியே நின்றாள்.

"அண்ணா, அந்தக் கல்லு யாருதுன்னு தெரிஞ்சு போச்சுங்க."

"யாருதம்மா?"

"எங்கூட்டுக்காரர் பேரை நான் வாயால சொன்னதே இல்லீங்கண்ணா. அவங்க இருந்தப்பவும் சரி, போன பொறகும் சரி. நேத்து காலையில எல்லார் பேரையும் சொல்லிக் கல்லுப் போட்டுட்டு வாரேன், நடுவால அந்தப் பேரும் வாயில வந்துருச்சாட்ட இருக்குதுங்க. சொன்னது எனக்கே தெரியலீங்க. ராத்திரி படுத்துட்டு மறுபடியும் ஒவ்வொருத்தராச் சொல்லிப் பாத்தேன். அப்பவும் வந்துச்சுங்க."

கையிலிருந்த செம்பை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"உங்க எல்லாருக்கும் ஒரு நாள் வேலை கெட்டுப்போச்சு. நானே வேலைய உட்டு நின்னுக்கறனுங்கண்ணா" என்றாள்.

"ஒன்னும் கெடல. போய்க் கொடிய எடு" என்றேன். அந்தப் பெயர் என்னவென்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ.

மாரப்பன் வந்ததும், நேற்றுத் திரியில் ஈரம் ஏறியிருந்தது, பாவாயி சொல்லாவிட்டாலும் நான் பற்றவைத்திருக்க மாட்டேன் என்று ஒரு பொய்யைச் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். முப்பது வருஷம் பாறையோடு புழங்கின மனிதருக்கு ஈரத்திரி எது, காய்ந்த திரி எது என்று தெரியாதா? "அப்படிங்களா, செரி" என்றார். புதுத் திரி மாற்றி எல்லாம் தயாரானதும், எல்லாருக்கும் முன்பாக அவரே வளைவில் போய் நின்று, "பாவாயி, எல்லாரும் வந்துட்டாங்களான்னு பாரு கண்ணு" என்றார். அவள் பொறுமையாக ஒவ்வொரு கல்லாக வீசினாள். கொடியை ஆட்டினாள். பாறை ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி சரிந்து உட்கார்ந்தது.

அந்த ரோட்டு வேலை முடியும் வரை ஒருவருக்கும் நகக்கீறல்கூட இல்லை. இப்போது அந்த வளைவில் வெள்ளைக் கோடு போட்டு, எதிரே வருகிற வண்டி தெரிய வட்டக் கண்ணாடி வைத்திருக்கிறார்கள் என்று மருமகள் சொல்கிறாள். பாறையை இயந்திரமே கொத்தி எடுத்துவிடுகிறது, திரியும் வேண்டாம், ஓட்டமும் வேண்டாம். நல்லதுதான். மாரப்பன் போய்ச் சேர்ந்துவிட்டார். மற்றவர்கள் எங்கெங்கேயோ. நானும் வெகுகாலம் முன்பே வேலையை விட்டுவிட்டேன். விரல்கள் பத்தும் இருக்கின்றன.

வேலை முடிந்த அன்று எல்லாரும் மூட்டை முடிச்சோடு சோளக்காட்டு பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தோம். சேலம் வண்டிக்குச் சிலர், ராசிபுரம் வண்டிக்குச் சிலர். பாவாயி ஒவ்வொருவரையும் ஏற்றிவிட்டுக்கொண்டே இருந்தாள். மாரப்பனின் பையைத் தூக்கி ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். கடைசியாக நாமக்கல் வண்டி வந்தது. மிச்சம் இருந்தது நாங்கள் இருவர்தான்.

"ஏறு, போகலாம்" என்றேன்.

"நீங்க போங்கண்ணா. நான் அடுத்த வண்டியில வாரேன்."

கூட்டத்தில் இடிபட்டு ஏறி, இடம் பிடித்து, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தபோது அவள் பலாப்பழக் குவியல்களுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். வண்டி திரும்பியது. பின்னால் அடிவாரத்தில் அவள் அண்ணன் ஒருவர் இருந்த ஊரில் விசாரித்தேன். திருப்பூர் போய்விட்டாள் என்றார் ஒருவர், மலையிலேயே யாரோ வீட்டில் இருக்கிறாள் என்றார் இன்னொருவர். அன்று அவள் எந்த வண்டியில் ஏறினாள் என்று பார்க்க எங்களில் ஒருவரும் அங்கே இல்லை.