சுற்றிப்போன ஸ்ட்ரெச்சர்

போன வாரம் ஒரு நாள் காலை, எங்கள் ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து படுத்திருந்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. சந்தேகம்தான் வியாதி.

செங்கல்பட்டுக்கும் கடற்கரைக்கும் நடுவே இருக்கும் ஓர் அரசு மருத்துவமனை. அதன் அலுவலகத்தில் நான் இளநிலை உதவியாளர். மாதாமாதம் ‘செயல்திறன் பட்டியல்’ தயாரிப்பது என் வேலை. அடிபட்டு வருகிறவர் அவசரப் பிரிவிலிருந்து எக்ஸ்ரே அறைக்குப் போய்ச் சேர எத்தனை நிமிடம்? தள்ளிக்கொண்டு போனவர் யார்? நேரம் கூடினால் கம்ப்யூட்டரே அந்தக் கட்டத்தைச் சிவப்பாக்கிவிடும்.

மூன்று மாதமாக ஒரே பெயர்தான் சிவப்பு — ஸ்டெல்லா அக்கா. என்னைவிட இரண்டு வயது பெரியவர், ஒப்பந்தப் பணியாளர். மெமோ போய்விட்டது. சரியான பதில் தராவிட்டால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. வேலை போய்விடும்.

மெமோவோடு நேராக என் மேஜைக்கு வந்தார்.

“இன்னா நைனா, ஃபேனுக்குக் கீழ குந்திகினு எம்பேருக்குச் சாயம் பூசறியா?”

“நான் பூசலக்கா... கம்ப்யூட்டர்தான்...”

“அப்ப கம்ப்யூட்டர வந்து ஸ்ட்ரெச்சர் தள்ளச் சொல்லு.”

எனக்கு ஒன்று புரியவில்லை. இவரைவிட வேகமாக நடப்பவர் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே கிடையாது. இவர் மட்டும் எப்படி லேட்? கேட்டேவிட்டேன்.

“வாயால சொன்னா வெளங்காது. ஏறிப் படு.”

படுத்தேன். எல்லோரும் போகும் குறுக்கு வழியில் தள்ளினார். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே மழைநீர்க் கால்வாய். அதன்மேல் இரும்புக் கம்பி மூடி. சக்கரம் கம்பி இடுக்கில் இறங்கியது... எகிறியது... நாக்கைக் கடித்துக்கொண்டேன். எலும்பெல்லாம் ஒழுங்காக இருக்கிற எனக்கே இந்தக் கதி!

“முட்டுக்காட்லேர்ந்து ஒருத்தர் வந்தாரு. கரைல படகு இழுக்கசொல்ல வழுக்கி, தொடை எலும்பு ரெண்டா பூட்ச்சு. இந்த எடத்துல அவரு போட்ட சத்தம் கீதே... அன்னிலேர்ந்து கால் ஒடஞ்சவங்கள நான் பின்பக்கமா சுத்தி, சிமென்ட் தரைலதான் இட்டுகினு போறேன்.”

“இத யார்கிட்டயும் சொல்லலையாக்கா?”

“யாரு கேட்டா?”

கேட்டிருக்கிறார்கள். அதுதான் வேடிக்கை!

ஆண்டுதோறும் பட்ஜெட் கோரிக்கைப் படிவம் வரும். கடைசிப் பக்கத்தில் ‘ஊழியர்களைக் கலந்து பெற்ற கருத்துகள்’ என்று ஓர் இடம். எங்கள் வீட்டில் ஃபாரம் நிரப்பத் தெரிந்த முதல் ஆள் நான். எதையும் காலியாக விட மனசு வராது. பழைய ஃபைலைப் பார்த்து, அதில் இருந்தபடியே அழகாக டைப் செய்வேன் — ‘ஏதுமில்லை’. அதே படிவத்தில் புது ஸ்ட்ரெச்சர் மட்டும் வருஷம் தவறாமல் கேட்டிருக்கிறோம். பழையவற்றின் சக்கரம் ஏன் உடைகிறது? தள்ளுகிறவர்களுக்குத் தெரியும். வாங்குகிறவர்களுக்குத் தெரியாது. நடுவில் உட்கார்ந்து டைப் செய்தவன் நான்.

மெமோவுக்குப் பதில் எழுத இருவரும் உட்கார்ந்தோம். ‘தாமதத்துக்கு வருந்துகிறேன்’ என்று ஆரம்பித்தேன். அப்படித்தான் வழக்கம்.

“இன்னாத்துக்கு வருந்தணும்? அடிச்சுடு அத. தாமதம் இல்ல, சுத்திப் போனேன்னு போடு.”

போட்டேன். கூடவே, யாரையும் கேட்காமல் ‘ஏதுமில்லை’ என்று எழுதியது நான்தான் என்று என் கையெழுத்தில் ஒரு கடிதம். மடித்து, மெமோ அனுப்பிய கண்காணிப்பாளரிடம் கொண்டுபோனேன்.

கண்காணிப்பாளர் இரண்டையும் படித்தார். என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு எழுந்துபோய், காலி ஸ்ட்ரெச்சரைக் கால்வாய்மேல் தானே தள்ளிப் பார்த்தார். மாட்டிக்கொண்டது. இழுத்தார்... வரவில்லை. ஸ்டெல்லா அக்காதான் தூக்கிவிட்டார்.

மெமோ ரத்து. மூடிக்கு மேல் இரும்புத் தகடு போடும் வேலை இந்த ஆண்டுக் கோரிக்கையில் முதல் வரி. தகடு வரும்வரை அக்கா சுற்றித்தான் போவார், கம்ப்யூட்டரும் சிவப்பாக்கும். ஆனால் இனி சிவப்புக்குப் பக்கத்தில், தள்ளியவரைக் கேட்டுக் காரணம் எழுதாமல் மெமோ அனுப்பக் கூடாது என்று உத்தரவு.

நேற்று படிவத்தோடு வார்டு வார்டாகக் கிளம்பினேன். “உங்களுக்கு என்னென்ன தேவை? எத மாத்தினா வேலை நல்லா நடக்கும்?” என்று சலவைப் பிரிவு அண்ணனிடம் கேட்டேன். ஈரப் போர்வையைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னாபா... எலெக்‌ஷன் வந்துட்ச்சா?”