டயானாவின் வெள்ளிக்கிழமை

என் தம்பி மகன் ஆன்றோவின் மனைவி டயானாவுக்கு முதல் பிள்ளை பிறந்தது ஒரு பிப்ரவரி இருபத்து மூன்றாம் தேதி. அன்று புனித பொலிகார்ப்பின் திருநாள். எங்கள் வீட்டில் பிள்ளை பிறந்த நாள் எந்தப் புனிதருடையதோ அவர் பெயரையே பிள்ளைக்கு வைப்போம். ஜூன் இருபத்தொன்பதில் பிறந்ததால் நான் பவுல். எனக்கு அதில் குறையில்லை. பொலிகார்ப்புக்கு இருந்தது. பள்ளிக்கூடத்தில் அவனைப் 'பாலித்தீன்' என்று கூப்பிட்டார்கள். பாலித்தீன் பைகளுக்குத் தடை என்று டீச்சர் பாடம் நடத்திய அன்று வகுப்பே திரும்பி அவனைப் பார்த்ததாம்.

அந்தப் பிரசவம் அவசர ஆபரேஷன். டயானாவுக்கு முழு மயக்கம் கொடுத்திருந்தார்கள். ஆன்றோ அப்போது கப்பலில் இருந்தான். டயானா கண் விழிப்பதற்குள் அவளுடைய மாமியார் விக்டோரியா, அதாவது என் தம்பி மனைவி, ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் பெயரைச் சொல்லி மிட்டாயும் கொடுத்துவிட்டாள். கண் திறந்த டயானாவிடம் நர்ஸ், "பொலிகார்ப் பால் குடிக்கணும்மா" என்றாள். யார் அது என்று டயானா கேட்டாள்.

இரண்டாவது பிள்ளை உண்டானதும் டாக்டர் ஜெயபிரியா இதுவும் ஆபரேஷன்தான், நாளை முன்கூட்டியே குறித்துக்கொள்ளலாம் என்றார். டிசம்பர் முதல் வாரம். செவ்வாய், வெள்ளி இரண்டு நாட்களில்தான் அவர் குறித்து வைத்த ஆபரேஷன்கள் செய்வார். அன்று சாயங்காலமே டயானா என்னிடம் வந்தாள்.

"பெரிய மாமா, டிசம்பர் ஆறு வெள்ளிக்கிழமை யாருக்குத் திருநாள்?"

"நிக்கோலஸ்."

"பொம்பளப் பிள்ளைன்னா நிக்கோல். நல்லாத்தான இருக்கு? இந்தத் தடவ பேர நான்தான் வைப்பேன். வழக்கத்தையும் மீறல பாருங்க."

"மூணாம் தேதி செவ்வாய்க்கிழமை சவேரியார் திருநாள்" என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

அவள் முகம் சுருங்கியது. சவேரியார் இந்தக் கடற்கரைக்கே சொந்தக்காரர். விக்டோரியா கீழவைப்பாரில் பிறந்தவள். அவள் வீட்டில் நாலு சவேரியார்கள் உண்டு. ஆண் பிள்ளை என்றால் சவேரி, பெண் என்றால் சவேரியம்மாள். எல்.கே.ஜி வகுப்பில் சவேரியம்மாள் என்று கூப்பிட்டால் வாட்ச்மேன் மனைவிதான் எழுந்து வருவாள் என்றாள் டயானா.

டயானாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஏற்றுமதிச் சரக்குக்கு ஆவணங்கள் தயார் செய்யும் ஆபீசில் அவளுக்கு வேலை. யாரோடும் சண்டை போட மாட்டாள். ஒரு முறை உப்பு வியாபாரி ஒருவர் தன் கன்டெய்னர் துறைமுகம் குறித்த கடைசி நேரத்துக்குப் பிறகும் உள்ளே போகும், எல்லாம் எனக்குத் தெரியும் என்று கத்தினார். "சரிங்க அண்ணாச்சி" என்றாள். கன்டெய்னர் கேட்டுக்கு வெளியே நின்றது, கப்பல் போய்விட்டது. அதற்குப் பிறகு அண்ணாச்சி அவளைக் கேட்காமல் லாரியில் டீசல்கூடப் போடுவதில்லை.

நாள் குறிக்க எல்லோருமாகப் போனோம். ஆன்றோவும் விடுப்பில் வந்திருந்தான்.

"செவ்வாயா, வெள்ளியா? ரெண்டுமே எனக்கு ஓகேதான்" என்றார் டாக்டர்.

"வெள்ளி" என்றாள் டயானா.

"செவ்வா" என்றாள் விக்டோரியா.

டாக்டர் ஆன்றோவைப் பார்த்தார். நடுக்கடலில் புயல் பார்த்தவன் அவன். தரையில் பதித்திருந்த டைல்ஸை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏலே, வாயத் தொறந்து சொல்லுலே!" என்றாள் அவன் தாய்.

"அம்மா சொல்லுதாங்கல்லா..." என்றான் டைல்ஸைப் பார்த்தே.

செவ்வாய்க்கிழமை பத்து மணி என்று முடிவாயிற்று. "சரிங்க டாக்டர்" என்றாள் டயானா. நர்ஸ் செல்லத்தாய் சட்டதிட்டங்களை விளக்கினாள். "மொத நாள் ராத்திரி சாப்பாட்டோட சரி. காலைல வெறும் வயித்தோட வரணும். ஒரு பிஸ்கட்கூடக் கூடாது, சரியா?" இதை விக்டோரியாவும் கேட்டாள். கேட்டது மட்டுமல்ல, திங்கட்கிழமை ராத்திரியே வீட்டில் இருந்த பிஸ்கட், மிக்சர், வாழைப்பழம் எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். காலையில் எனக்கே பிஸ்கட் கிடைக்கவில்லை.

செவ்வாய் விடிந்ததும் விக்டோரியா எங்கள் தெருமுனையில் உள்ள சவேரியார் கெபிக்கு, அந்தச் சின்னக் குகைக் கோயிலுக்குப் போனாள். பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று சர்க்கரைப் பொங்கல் நேர்ந்திருந்தாள். அங்கேயே அடுப்பு மூட்டி, பொங்கல் வைத்து, சாமியாரைக் கொண்டு மந்திரித்து, ஏழு மணிக்குத் தட்டில் மூடிக்கொண்டு வந்தாள். நேர்ச்சைப் பொங்கல் யாருக்காக நேர்ந்ததோ அவர் வாயில்தான் முதலில் பட வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு.

"ஏளா டயானா, இங்கன வா. ஆன்னு சொல்லு."

டயானா நைட்டியோடு வந்து மாமியாரைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். கூடத்துச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஆ" என்றாள்.

நான் குளித்துவிட்டு வந்தபோது தட்டில் ஏலக்காய்த் தோல் மட்டும் கிடந்தது. விக்டோரியாவுக்குக் கண் கலங்கியிருந்தது. "எம்புட்டு பக்தியா சாப்பிட்டா தெரியுமா அத்தான்! ரெண்டாந்தடவயும் கேட்டு வாங்கினா."

ஆஸ்பத்திரியில் மயக்க டாக்டர் செந்தில்முருகன் வந்து வழக்கமான கேள்விகளைக் கேட்டார். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்றார்.

"காலைல ஏழு மணிக்கு சார்" என்றாள் டயானா.

அவர் பேனாவை மூடினார். "என்ன சாப்பிட்டீங்க?"

"சக்கரப் பொங்கல் சார். நெய், முந்திரி எல்லாம் போட்டது."

"அது சாப்பாடு இல்ல டாக்டர், நேர்ச்ச!" என்று குறுக்கே வந்தாள் விக்டோரியா.

"இரைப்பைக்கு வித்தியாசம் தெரியாதும்மா. வயிறு நிறைய இருக்கறப்ப நான் ஊசி போட மாட்டேன்."

"ஒரு வாய்தான குடுத்தேன்."

"ரெண்டு தட்டு அத்த" என்று டயானா பணிவாகத் திருத்தினாள்.

விக்டோரியா டாக்டர் ஜெயபிரியாவிடம் ஓடினாள். சாயங்காலம் வைத்துக்கொள்ளலாமே, சவேரியார் திருநாள் ராத்திரி பன்னிரண்டு மணி வரை உண்டே என்றாள். டாக்டர் டயானாவைப் பரிசோதித்தார். வலி இல்லை, பிள்ளையின் துடிப்பு நன்றாக இருக்கிறது, அவசரம் எதுவும் இல்லை. சாயங்காலம் செந்தில்முருகனுக்கு வேறு ஆஸ்பத்திரி.

"வெள்ளிக்கிழமை வச்சுக்கலாம்" என்றார் டாக்டர். "அதுக்குள்ள வலி வந்தா உடனே கூட்டிட்டு வாங்க. பொங்கல் குடுக்காம கூட்டிட்டு வாங்க."

திரும்பும் வழியில் ஆட்டோ மில்லர்புரம் தாண்டியதும் டயானா என் பக்கம் சாய்ந்து, "வெள்ளிக்கிழம நிக்கோலஸ்தான பெரிய மாமா? மாறாதே?" என்றாள்.

மாறாது என்றேன்.

அடுத்த இரண்டு நாளும் அவளுக்கு லேசாக இடுப்பு பிடித்தால்கூட விக்டோரியாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். புதன்கிழமை யார், வியாழக்கிழமை யார் என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். புதன்கிழமை பார்பரா என்றதும் அதையும் யோசித்தாள். ஆனால் பிள்ளை அசையாமல் காத்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் யாருக்கும் காபி கிடையாது. டயானா பல்கூடத் துலக்க வேண்டாம் என்று விக்டோரியா தடுத்தாள். பற்பசை உள்ளே போய்விடுமாம்.

இந்தத் தடவை முதுகில் ஊசி போட்டதால் டயானா முழு நினைவோடு இருந்தாள். நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். விக்டோரியாவின் ஜெபமாலை மூன்றாவது சுற்றில் இருந்தபோது செல்லத்தாய் பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்து வந்தாள்.

"பொம்பளப் பிள்ள. தாயும் நல்லாருக்காங்க. பிள்ள பேரு நிக்கோல்."

"பேர நீ எதுக்குளா சொல்லுத?" என்றாள் விக்டோரியா.

"நான் என்ன செய்ய அம்மா? பிள்ளயக் காட்டின ஒடனே மூணு தடவ சொல்லிட்டாங்க. வெளிய போனதும் இதச் சொல்லணும்னு எங்கிட்டச் சத்தியமும் வாங்கிட்டாங்க. தையல் போட்டுட்டு இருக்கயில, சொல்லியாச்சா சொல்லியாச்சான்னு கேட்டுட்டே இருக்காங்க."

விக்டோரியா பிள்ளையை வாங்கிக்கொண்டாள். வெகு நேரம் பார்த்தாள். பிள்ளை அவள் ஜாடைதான். அந்த மூக்கை எங்கே பார்த்தாலும் கீழவைப்பார் என்று சொல்லிவிடலாம்.

"நிக்கோலம்மா" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். பிள்ளை வாயைச் சுழித்தது.

மறுநாள் வார்டில் டயானா கட்டிலில் படுத்திருந்தாள். விக்டோரியா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று கரண்டி நின்றது.

"ஏளா, ஒண்ணு கேக்கேன். வெறும் வயித்தோட வரணும்னு நர்சு சொன்னது அன்னைக்கு உனக்கு ஞாபகம் இருந்துச்சா, இல்லியா?"

"சவேரியார் நேர்ச்சய வேண்டாம்னு சொல்லலாமா அத்த?"

விக்டோரியா கஞ்சியைக் கிண்டினாள்.

"இருக்கட்டும். மூணாவது ஒண்ணு வரும்லா? அதுக்குச் சவேரிதான். இப்பவே சொல்லிட்டேன்."

"இனி இல்ல அத்த. ஆபரேஷனோட சேத்துக் குடும்பக் கட்டுப்பாட்டையும் டாக்டரம்மா முடிச்சிட்டாங்க. எங்க ரெண்டு பேருக்கும் சம்மதமான்னு ஒங்க மகன்கிட்டயும் கேட்டுட்டுத்தான் செஞ்சாங்க."

விக்டோரியா மெதுவாகத் திரும்பி ஆன்றோவைப் பார்த்தாள். அவன் வார்டுத் தரையில் டைல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். டயானாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிக்காதளா, தையல் பிரிஞ்சிரும்!" என்று பதறிய விக்டோரியா, கஞ்சியைக் கீழே வைத்துவிட்டுத் தலையணையை எடுத்து மருமகள் வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.