உமரிக்கீரை வெந்த தண்ணீர்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அவருடைய பொறுமையையும் நல்ல மனதையும் பற்றி எழுதித் தரும்படி அக்காவின் கணவர், மாமா, கேட்டார். என் மேல் எனக்கிருக்கும் எரிச்சலை மறைத்துவிட்டு அதை எழுத வரவில்லை. உறவினர்கள் பொறுத்தருள வேண்டும்.

அக்கா பிறந்தது மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய ஊரில். அப்பா இறந்ததும் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு என்னைப் படிக்க வைத்தவர் அவர். மண்ணூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் கடைசிவரை காய் நறுக்கினார். எனக்கு அந்தப் பக்கமே வேலை கிடைத்த பிறகு, ஷிப்ட் முடிந்து எப்போது போனாலும் சோறு இருக்கும்.

அக்காவுக்கு இரத்தக் கொதிப்பு வந்தது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாவற்றையும் விட்டார். விடாதது உமரிக்கீரை ஒன்றுதான். உப்பளக் கரையில் தானாக முளைக்கும் கீரை அது. அதிலேயே உப்பு இருப்பதால் நாங்கள் உப்புப் போடாமல்தான் சமைப்போம். அம்மா அதை வேகவைத்து இரண்டு முறை தண்ணீரை வடித்துக் கொட்டிய பிறகே தாளிப்பார். உப்புப் போடாத கறியை உப்பில்லாத கறி என்று நினைத்துக்கொண்டோம். உப்பளத்தில் பிறந்தும் இந்தப் புத்தி.

அந்த நேரம் பார்த்து என் போனில் ஒரு செய்தி வந்தது. உப்பு மண்ணில் வளரும் செடிகள் அந்த உப்பைத் தாங்குவதற்காகச் சில சத்துப்பொருட்களை உண்டாக்கிக்கொள்கின்றன, அவை நம் உடம்புக்கும் நல்லது என்று. அதில் உண்மை இருக்கிறது, பிறகு விசாரித்தேன். ஆனால் கடைசி வரி, வெந்த தண்ணீரைக் கொட்டாமல் குடியுங்கள் என்றது. தண்ணீரில் இறங்குவது சத்து மட்டுமா? கம்பெனியில் தரம் பார்க்கும் குவாலிட்டி பிரிவில் வேலை செய்பவன் நான். ஒரு போல்ட்டைக்கூட அளக்காமல் விடமாட்டேன். இதை அப்படியே சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டுவிட்டு அக்காவிடமும் போய்ச் சொன்னேன்.

"அம்மா ரெண்டு தண்ணி வடிப்பாங்களேடா," என்றார் அக்கா.

"அம்மாவுக்கு இன்னாக்கா தெரியும்? சத்தெல்லாம் அதுலதான் கீது. கொட்டாத, குடி."

குடித்தார். தம்பி படித்தவன் என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டே குடித்தார். ஊருக்குப் போகும்போதெல்லாம் பை நிறையக் கீரை கொண்டுவந்து கொடுத்தவனும் நான்தான். மாத்திரை போட்டும் கொதிப்பு ஏன் இறங்கவில்லை என்று டாக்டர் கேட்டபோது, உப்பே சேர்ப்பதில்லை என்று முந்திக்கொண்டு பதில் சொன்னவனும் நான்தான்.

மூளையில் இரத்தக்குழாய் வெடித்து, நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து அக்கா போய்விட்டார். கீரைத் தண்ணீரைப் பற்றி அப்போதுதான் டாக்டரிடம் சொன்னேன். அந்தத் தண்ணீர்தான் காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் அது நல்லது செய்திருக்காது என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

பதினாறாம் நாள் காரியத்தில் குன்றத்தூர் சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு, "நீ போட்டியே அந்தக் கீரத் தண்ணி, நானும் தெனம் குடிச்சிகினுதான்பா வரேன். எனக்கும் பிரஷர் கீதுல்ல," என்றார்.

அன்றே குரூப்பில் மறுப்பு எழுதினேன். நான்கு கும்பிடும் கைகள் பதிலாக வந்தன. பழைய செய்திதான் இன்றும் யார் யாரிடமிருந்தோ எனக்கே திரும்பி வருகிறது.

ஆஸ்பத்திரி வாசலில் எங்களோடு இருந்த கேன்டீன் தோழியருக்கும், விடுப்புப் போட்டு வந்த மாமாவின் நண்பர்களுக்கும், காரியங்களில் தோள் கொடுத்த மண்ணூர்க்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உமரி நல்ல கீரைதான். சாப்பிடுகிறவர்கள் தண்ணீரை இரண்டு முறை வடித்துக் கொட்டுங்கள். கொதிப்பு உள்ளவர்கள் அதன் பெயரைச் சொல்லி டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். நான் சொல்கிறேன் என்பதற்காக எதையும் செய்யாதீர்கள். அக்கா அப்படித்தான் குடித்தார்.