வெயிலால் தீராத குறை

நான் வேலை செய்யும் ஓட்டல் சமையலறையில் காலையில் ஒரு பாட்டில் கைமாறும். மீன் ஈரலிலிருந்து எடுத்த எண்ணெய், 'த்ரான்' என்பார்கள். நார்வேயின் இந்த வடகோடி ஊரில் நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி நடுவில்தான் தலைகாட்டும். வெயில் தர வேண்டியதை அந்த எண்ணெய் தருகிறதாம். ஆளுக்கொரு கரண்டி விழுங்குவார்கள். எனக்கு மட்டும் கிடையாது. அதிலுள்ள வேறொரு சத்து, சிறுநீரகம் பழுதானவன் உடம்பில் தேங்கிவிடும் என்று இங்கே என்னைப் பார்க்கும் டாக்டரம்மா தடுத்துவிட்டார்.

அப்பாவிடமிருந்து எனக்கும் தங்கை செல்விக்கும் வந்த நோய் இது. சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் பெருகி, கொஞ்சம் கொஞ்சமாக அதை முடக்கிவிடும். போன குளிர்காலத் தொடக்கத்தில் என் ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டரம்மா, "வைட்டமின் டி மிகக் குறைவு. வெயிலில் இருந்ததே இல்லையா?" என்றார். ஜவ்வாது மலையில், காவலூருக்குப் பக்கத்தில், சாமைக் கொல்லையில் சட்டையில்லாமல் களை பிடுங்கி வளர்ந்தவன் நான். "இருபது வருடம் வெயிலில்தான் இருந்தேன்" என்றேன். அவர் முகம் மாறியது. "அவ்வளவா? தோலில் புற்று ஏதும் இருக்கிறதா என்று தோல் டாக்டரிடம் காட்டினீர்களா?" என்று கவலையோடு கேட்டார்.

பிற்பகல் மூன்று மணிக்கே இருண்டுவிட்ட தெருவில் நடந்தபடி செல்விக்குப் போன் செய்தேன். "வேலைய வுட்டுட்டு வந்துடலாம்னு கீறேன்மா. நம்ம வெயில்ல நின்னா எல்லாம் சரியாப் பூடும்."

"வாண்ணா" என்றாள்.

ராஜினாமாக் கடிதத்தை எழுதி வைத்தேன். இரண்டு நாள் கழித்து அவளே அழைத்தாள்.

"அண்ணா, லெட்டர் குடுத்துட்டியா?"

"நாளைக்குத்தான்."

"குடுக்காத. போன மாசம் வேலூர்ல டெஸ்டுக்கு ரத்தம் குடுத்தேன் இல்ல? எனக்கும் அந்த டி கம்மியாத்தான் கீது. நாள் பூரா கொல்லையிலதான் கெடக்குறேன். வெயிலால ஆவுறதா இருந்தா எனக்கு ஆயிருக்கணும்."

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"வர்றேன்னு சொன்னியே. ரெண்டு நாளு அப்பிடியே இருக்கட்டும்னு தோணுச்சி."

அடுத்த முறை டாக்டரம்மாவிடம் கேட்டேன். தோலில் வெயில் உண்டாக்குவதை உடம்புக்கு உதவும்படி மாற்றித் தருவதில் சிறுநீரகத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்றார்; நோயாளிகளுக்கு வெயில் இருந்தும் சத்து குறைவது சகஜமாம். அவர் எழுதித் தந்த வைட்டமின் டி மாத்திரை எலும்புக்கு நல்லதாம். நோயின் வேகத்தைக் குறைக்குமா என்றதற்கு, "உறுதியாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை" என்றார். அந்த நேர்மை அன்றைக்கு எனக்குப் பிடிக்கவில்லை. கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். மாத்திரையில் சத்து ஏறியது. சிறுநீரகம் தன் போக்கில் தளர்ந்துகொண்டுதான் இருக்கிறது, செல்விக்கும் அப்படியே.

மாசியில் ஒரு மாத விடுப்பில் ஊருக்குப் போனேன். புளி உலுக்கும் நேரம். உச்சிப்பொழுதில் பெண்கள் எல்லோரும் மரத்தடியில் ஒதுங்க, நான் பாறைமேல் கண்ணை மூடி முகத்தை வானத்துக்குக் காட்டி நின்றிருந்தேன், நார்வேயில் முதல் சூரியன் வரும் நாளில் எல்லோரும் தெருவில் நிற்பதுபோல. யாரோ சிரித்தார்கள்.

"இன்னாண்ணா, வெளியூர்க்காரன் மாதிரி வெயில்ல நின்னுகினு? நெழலுக்கு வா" என்றாள் செல்வி.

வர்றேன் என்றேன். கழுத்து எரிந்தது. கால் நகரவில்லை.