மைக் முன்னால் கிளெனிஸ்

இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பரிமாறுகிறவள் கிளெனிஸ் ஓலரன்ஷா. வயது ஐம்பத்தொன்று. கணவன் ராய், புல்தரையில் பந்து உருட்டி ஆடும் பௌலிங் கிளப்பில் சேர்ந்தான். பிறகு அங்கிருந்த ஒருத்தியோடும் சேர்ந்துகொண்டான். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய காலையில்கூட இவள் கத்தவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமே! டீ போட்டுக் கொடுத்து அனுப்பினாள். எங்கள் இங்கிலீஷ்காரர்களுக்கு உயிர் போனாலும் பரவாயில்லை, நாலு பேர் முன்னால் ரகளை மட்டும் ஆகக் கூடாது. என்ன பிழைப்போ!

விவாகரத்தானவர்களுக்கென்று வியாழக்கிழமைதோறும் சர்ச் ஹாலில் ஒரு கூட்டம் நடக்கும். நமுத்த பிஸ்கட், ஆறிப்போன டீ, ஒரே புலம்பல். அங்கே வாய்த்தவன்தான் கம்பளம் விற்கும் டெஸ்மண்ட் டனிக்ளிஃப். வெள்ளிக்கிழமை டிவியில் ஒரு சிரிப்புத் தொடர் வரும். விவாகரத்தான ஐம்பது வயது ஆணும் பெண்ணும் அரை மணி நேரத்துக்குள் காதலித்து, கோபித்து, சமாதானமாகிவிடுவார்கள். அதில் ஒருத்தருக்கும் மூட்டு வலி வராது. கதாநாயகன் கழுத்தில் பட்டுக் குட்டை கட்டினால் மறுவாரம் டெஸ்மண்டும் கட்டுவான். அவன் வசனத்தை அப்படியே ஒப்பிப்பான். ஒப்பித்துவிட்டு, டிவியில் சிரிப்புச் சத்தம் வருகிற அளவுக்கு நேரம் விட்டு நிற்பான். தூ!

"அவன விட்டுடாதடி," என்றாள் கூட வேலை பார்க்கும் நோர்மா. "நீ கிண்டற கஸ்டர்டத் தின்னுட்டு மறுபடியும் வந்த ஒரே ஆம்பள அவன்தான்."

கிளெனிஸ் விடவில்லை. காலி வீட்டில் கெட்டில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடப்பதற்கு இவன் தேவலை. அதற்காக இன்னொரு கல்யாணமா? வேண்டவே வேண்டாம். தன் வீடு, தன் சாவி என்று இருக்கத்தான் ஆசை. அதை அவனிடம் இரண்டு முறை சொல்லியும் ஆகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தொடரின் படப்பிடிப்பைப் பார்க்க அவளை மான்செஸ்டருக்கு அழைத்துப் போனான். நடிகன் ஒரே வசனத்தில் நாலு தரம் தடுமாறினான்; நாலு தரமும் பார்க்க வந்திருந்த கூட்டம் புதிதாகக் கேட்பதுபோலச் சிரித்தது. டெஸ்மண்ட் தொடையைத் தட்டிச் சிரித்தான். கிளெனிஸ் கடிகாரத்தைப் பார்த்தாள்.

இடைவேளையில் கூட்டம் சோர்ந்துவிடாமல் சிரிக்கவைக்க ஒருவன் மைக்கோடு வந்தான். "இங்க விவாகரத்தானவங்க யாராச்சும் இருக்கீங்களா?"

டெஸ்மண்ட் துள்ளி எழுந்தான். "நாங்க ரெண்டு பேரும்! அடுத்த மாசம் கட்டிக்கப் போறோம்!"

முந்நூறு பேர் கைதட்டினார்கள். பாவி! தனியாகக் கேட்டால் மாட்டேன் என்பாள், கூட்டத்தில் சொல்லிவிட்டால் வாயைத் திறக்க மாட்டாள் என்று கணக்குப் போட்டிருக்கிறான். மைக் அவள் மூக்கருகே வந்தது.

"அப்படியாம்மா?"

"இல்லைங்க."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வேடிக்கை என்று நினைத்துவிட்டார்கள், கூமுட்டைகள். டெஸ்மண்டும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

"சிரிக்காதீங்க," என்றாள். "நான் கட்டிக்க மாட்டேன்."

சிரிப்பு பாதியில் நின்றது. யாரோ இருமினார்கள். டெஸ்மண்ட் அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

"எல்லாரும் பாக்கறாங்க, கண்ணு. இப்போதைக்குச் சரின்னு சொல்லிடேன். வெளிய போய்ப் பேசிக்கலாம்."

கிளெனிஸ் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"ராயைப் பிடிக்கலன்னு கல்யாணத்துக்கு மொத நாளே எனக்குத் தெரியும்," என்றாள். "பத்திரிகை கொடுத்தாச்சு, கேக் வந்தாச்சு, ஊர் என்ன சொல்லும்னு கட்டிக்கிட்டேன். அதுலயே இருபத்தேழு வருஷம் போச்சு. கைய விடுங்க, டெஸ்மண்ட்."